ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்த சம்பந்தி

செய்தி வந்தபோது நான் நெத்திலியை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது. மகன் படகுக்குப் போயிருந்ததால் நானே எடுத்தேன். செங்கல்பட்டிலிருந்து பேத்தி பிரியா. "ஆயா, தாத்தா எழுந்துக்கவே மாட்டேங்குறாரு" என்றாள். "மூஞ்சில தண்ணி தெளிச்சுப் பாரு கண்ணு" என்றேன். "தெளிச்சிட்டேன் ஆயா. தொடைச்சும் விட்டுட்டேன்" என்றாள். போனை வைக்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் பிள்ளை மூச்சு விடுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்து பார்த்தால் காக்கைகள் நெத்திலியை வாரிக்கொண்டிருந்தன. நான் விரட்டவில்லை.

பிரியாவின் தாத்தா, என் சம்பந்தி கன்னியப்பனை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். மறைமலைநகர் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்கள் வந்து, "நீங்களும் ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டார்கள். நான் நாலாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. யார் என்ன சொன்னார்கள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்கள் என்பது வரை நினைவிருக்கிறது. அதனால் அவருடைய நல்லதை மட்டும் எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் செங்கல்பட்டுக்காரர். லாரிக்கு ஸ்டியரிங் செய்கிற தொழிற்சாலையில் வேலை. நாங்கள் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரக் குப்பம். அவருடைய மகள் கலைச்செல்வியும் என் மகன் ஏழுமலையும் தாங்களாகவே விரும்பிக்கொண்டார்கள். பேசி முடிக்க வந்த அன்று கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார் மனிதர். காபியைக் கையால் தொடவில்லை. "பையன் கட்டுமரத்துல போகக்கூடாது. வேற வேலை பாத்துக்கினா பொண்ணு குடுக்குறேன்" என்றார்.

"எங்க வூட்டு ஆம்பளைங்க வேற இன்னா பண்ணுவாங்க? தையல் மிஷினா ஓட்டுவாங்க?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க வூட்டுக்காரரு எப்பிடிப் போனாருன்னு விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

என் புருஷன் கடலில் போனவர். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதை என் வாசலில், என் சொந்தக்காரர்கள் முன்னால் எடுத்துச் சொன்னார் அவர். அந்த வார்த்தையை அன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை, அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகும் மன்னிக்கவில்லை.

ஏழுமலை கட்டுமரத்தை விட்டுவிட்டு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த ஓட்டலில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போக ஒரு பாய்மரப் படகு இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதிலேயே இந்தியாவரைக்கும் வந்து, இங்கேயே விற்றுவிட்டு, திரும்பிப் போகும்போது விமானத்தில் போனார். படகின் லட்சணம் அதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அடிப்பலகையை மேலே தூக்கிக்கொண்டால் ஆழமில்லாத தண்ணீரிலும் போகும் என்பதால் உப்பங்கழியில் கட்டிவைத்து, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் படகுகளில் கையால் பிடிக்கிற சுக்கான்தான். இதில் கார் மாதிரி ஒரு பெரிய சக்கரம். சக்கரத்துக்குப் பின்னால் சைக்கிளில் இருப்பதுபோல ஒரு செயின், செயினின் இரண்டு முனையிலும் எஃகுக் கம்பி. அந்தக் கம்பி படகுத் தளத்துக்கு அடியில் கப்பிகளைச் சுற்றிப் பின்னால் போய்ச் சுக்கானைத் திருப்பும். கம்பி அறுந்துவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும், படகு தன் இஷ்டத்துக்குப் போகும்.

கல்யாணமாகி மறுவாரமே கன்னியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். மகளைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவளை எட்டிப் பார்த்து "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டு நேராகப் படகுக்குப் போய்விட்டார். பின்பக்கம் ஆள் உடம்பைக் குறுக்கித்தான் நுழைய முடிகிற ஒரு பொந்து உண்டு, கம்பி போகிற வழி. அதற்குள் தலையை விட்டவர் சாயங்காலம்தான் வெளியே வந்தார், கிரீஸும் வியர்வையுமாக.

"லாரி கெட்டா ஓரமா நிப்பாட்டலாம் சம்பந்தி. இதை எந்த ஓரத்துல நிப்பாட்டுறது?" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார். நீச்சல் தெரியாது. கட்டிவைத்த படகிலேயே வாந்தி எடுப்பார். இஞ்சியைக் கடித்துக்கொண்டு வேலை செய்வார். தன்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து, அந்த மெல்லிய துணியைக் கம்பி முழுக்க உருவிக்கொண்டே போவார். கம்பி என்பது முடி முடியாகப் பின்னியது அல்லவா, அதில் ஒரு முடி அறுந்திருந்தாலும் துணியின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். "கண்ணுக்குத் தெரியாது மாப்ள. நூலு மாட்டுதா பாரு" என்று ஏழுமலைக்குக் காட்டுவார். கப்பிக்கு அடியில் விரலால் தடவி, கறுப்பு மாவு உதிர்ந்திருந்தால் கம்பி நேராக ஓடவில்லை என்று கப்பியைத் திருத்துவார். செயினுக்கு எண்ணெய் விடுவார். சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் கம்பியை இறுக்குவார்.

எல்லாம் முடித்த பிறகு ஒரு கூத்து நடக்கும். கம்பி அறுந்தால் சுக்கானின் தலையில் நேரடியாகச் செருகித் திருப்ப ஒரு இரும்புக் கைப்பிடி படகோடு வந்திருந்தது. ஏழுமலை எதிர்பார்க்காத நேரத்தில் கன்னியப்பன் "கம்பி போச்சு மாப்ள" என்று கத்துவார். கத்திவிட்டுத் தன் வேட்டியை அவிழ்த்துக் கட்டத் தொடங்குவார். அவர் கட்டி முடிப்பதற்குள் கைப்பிடி செருகியிருக்க வேண்டும். ஓட்டல் விருந்தாளிகள் கரையில் நின்று சிரிப்பார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். "என் புள்ளைய இன்னா குரங்குன்னு நெனச்சீங்களா, டேய்ன்னா குட்டிக்கரணம் போட?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் சம்பந்தி. இன்னிக்கு வேட்டி கட்றதுக்குள்ள முடிச்சிட்டான் பாத்தீங்களா" என்று சந்தோஷப்பட்டார்.

அந்தப் படகில் பைலட் என்று ஒன்று இருந்தது. ஆள் இல்லை, சக்கரத்தோடு மாட்டிய ஒரு வட்டப் பெட்டி. பொத்தானை அமுக்கிவிட்டால் உள்ளே இருக்கிற பெல்ட் சக்கரத்தைத் தானே திருப்பிக்கொண்டு படகை நேராகக் கொண்டுபோகும். அதற்குத் திசை சொல்ல இன்னொரு சின்ன டப்பா கீழே அலமாரிக்குள் திருகியிருந்தது. ஒரு கோடையில் இந்தப் பைலட் பேஜார் செய்ய ஆரம்பித்தது. நேராகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று வளையும், மறுபடி நிமிரும், மறுபடி வளையும். ஏழுமலை பைலட்டைப் போட்டுவிட்டுத் தூங்குகிறான் என்று ஓட்டல் மேனேஜர் முடிவு கட்டினார். அடுத்த மாதம் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். வேலை போனால் அவன் மறுபடி கட்டுமரம்தான். கன்னியப்பனுக்கு அது தெரியும். பெட்டியைப் பிரித்து மணலைத் துடைத்தார், பெல்ட்டைப் பார்த்தார், ஒயர் முனையில் பச்சை பிடித்ததைச் சுரண்டினார், பேட்டரியைச் சோதித்தார். எதுவும் அகப்படவில்லை. கடைசியில் அவரும் கேட்டார்: "மாப்ள, நெஜமா சொல்லு. கண்ணு சொருகுதா?"

"என் புள்ளைய தூங்குமூஞ்சின்னு சொல்லத்தான் பஸ்சு புடிச்சி வந்தீங்களா?" என்றேன்.

"அப்ப நீங்களே வந்து பாருங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கடலுக்குப் போகிற வழக்கமில்லை. நான் போனேன். விருந்தாளி இல்லாத நாள், நாங்கள் மூன்று பேர்தான். பைலட் நேராகப் போனது, வளைந்தது, நிமிர்ந்தது. கன்னியப்பன் ஒரு பையில் வாந்தி எடுத்துக்கொண்டே திசைகாட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பசி நேரம் வந்தது. நான் அலமாரியைத் திறந்து சோற்றுப் பையை வெளியே எடுத்தேன். படகு உடனே திரும்பியது.

"சம்பந்தி, அதை எடுத்த எடத்துலயே வைங்க."

"புள்ளைக்குப் பசிக்குது."

"வைங்கன்னா வைங்க."

வைத்தேன். படகு பழைய பக்கம் திரும்பியது. எடுக்கச் சொன்னார், எடுத்தேன், திரும்பியது. பையைப் பிரித்துப் பார்த்தார். மீன் குழம்பு கேரியர். அதன் பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய, கல் செதுக்குகிற ஒரு உளி. அலை ஆட ஆடப் பை அலமாரிக்குள் நகர்ந்திருக்கிறது. அது டப்பாவுக்குக் கிட்டே போகும்போதெல்லாம் பைலட்டுக்கு வடக்கு எது என்று தெரியாமல் போயிருக்கிறது. என் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி உளியில் வைத்தார். ஊக்கு ஒட்டிக்கொண்டது. "சிற்பிங்க வருசக்கணக்கா சுத்தியால அடிச்ச உளி. அடி வாங்கி வாங்கி காந்தமாயிருச்சு" என்றார்.

குழம்பு வைப்பது நான், கட்டிக் கொடுப்பது கலைச்செல்வி. வீட்டுக்கு வந்து கேட்டால், "மீன் கொழம்பு வெளிய எடுத்துக்கினு போனா காத்து கருப்பு கூடவே வரும், இரும்பு வச்சி அனுப்புன்னு நம்ம அம்மாதானப்பா சொல்லிக் குடுத்துச்சு" என்றாள், கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த தன் அம்மாவைச் சொல்லி. அடுத்த வீட்டுச் சிற்பி தூக்கிப் போட்ட உளியை எடுத்து வைத்திருக்கிறாள். புருஷன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று அவள் வைத்தது அது. நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். கன்னியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். மகள் தலையில் கையை வைத்து, "இரும்பு வேணாம்மா, ஒரு கரித்துண்டு வை. பேய் கரிக்கும் பயப்படும். பைலட்டு பயப்படாது" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த மனிதரைக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது. ஏழுமலையின் வேலை நிலைத்தது. மேனேஜர் மட்டும் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவும் என் கணக்கில் இருக்கிறது.

பிரியா நடக்கத் தொடங்கிய வருஷம், மழைக்காலத்தில் கலைச்செல்விக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் செய்யாததில்லை. அவள் திரும்பவில்லை. கன்னியப்பன் அழவில்லை. அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார், யாராவது வந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வார்கள் என்பதுபோல. பேத்தியைத் தன்னோடு கொண்டுபோனார். அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்றார். என் வீட்டில் இருந்த ஒரே குழந்தைச் சத்தத்தை எடுத்துக்கொண்டு போனார். அதற்கும் அவர்மேல் எனக்குப் பல மாதம் கோபம் இருந்தது.

கருமாதி முடிந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்து நின்றது. பையோடு இறங்கினார். எனக்குப் புரியவில்லை. அவர் வந்ததெல்லாம் மகளுக்காக. மகளுடைய தாலிக்காக. அதுதான் அறுந்த கம்பிபோலப் போய்விட்டதே.

"இன்னும் எதுக்கு சம்பந்தி வர்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் பையைக் கீழே வைக்காமல் நின்றார். "என் பொண்ணு போயிட்டான்னு அந்தக் கம்பிக்குத் தெரியுமா? அது பாட்டுக்குத் தேஞ்சிக்கினுதான் இருக்கும்" என்றார். சொல்லிவிட்டுப் படகைப் பார்த்து நடந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் செத்ததற்கு வராத அழுகை எனக்கு அன்றைக்கு வந்தது.

ஏழுமலைக்கு வேறு பெண் கட்டிவைத்தோம். வயதுப் பிள்ளை, எத்தனை நாள் அப்படியே விட முடியும்? கன்னியப்பனிடம் போய்ச் சொன்னபோது, "பண்ணுங்க சம்பந்தி, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. "புதுப்பொண்ணு சங்கடப்படும்" என்பார். உப்பங்கழிப் பாலத்தண்டை பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகப் படகுக்குப் போய்விடுவார். நான் கரித்துண்டோடு சோறு எடுத்துக்கொண்டு அங்கே போவேன். அவர் சாப்பிடும்வரை கரையில் உட்கார்ந்திருப்பேன். என்ன பேசினோம் என்று கேட்டால், பிரியாவின் பரீட்சை, கப்பியின் ஆணி, மீன் விலை. கலைச்செல்வி பேரை இரண்டு பேருமே எடுத்ததில்லை.

போன வருஷம் சில ஞாயிறுகள் அவர் வரவில்லை. போன் போட்டால், "ஒடம்பு அசதி, அடுத்த வாரம்" என்றார். அப்படி வராத ஒரு வாரத்தில்தான் அது நடந்தது. விருந்தாளிகளோடு திரும்பிக்கொண்டிருந்தான் ஏழுமலை. முகத்துவாரத்தில் பின்னாலிருந்து அலை தூக்கியது. சக்கரத்தைத் திருப்பினான், அது காற்றாடி மாதிரி சுற்றியது. கம்பி அறுந்துவிட்டது. படகு பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. இன்னொரு அலை வந்தால் புரட்டிவிடும். நான் கரையில் நின்று பார்த்தேன். என் மகன் யோசித்ததாகவே தெரியவில்லை. குனிந்தான், எழுந்தான், கைப்பிடி சுக்கான் தலையில் நின்றது. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இழுத்தான். படகு நிமிர்ந்து உள்ளே வந்தது. கரையேறியதும் அவன் சொன்னது ஒன்றுதான். "யம்மா, மாமா கத்துனது கேட்டுச்சு." மாமா அன்றைக்குச் செங்கல்பட்டில் படுத்திருந்தார்.

செய்தி தெரிந்து மறுநாளே புதுக் கம்பியோடு வந்துவிட்டார், ஞாயிறு இல்லாத ஒரு நாளில். பாதியாக இளைத்திருந்தார். "நான் வராததாலதான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பொந்துக்குள் நுழையக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை நுழையலாம் என்றால் அவன் தொப்பைக்கு அந்த வழி போதாது. "தள்ளுங்க" என்று நான் நுழைந்தேன். அவர் வெளியே படுத்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, டார்ச் அடித்தார். ஏழுமலை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தக் கப்பிக்கு மேல வுடுங்க. மேல. அது மேலயா சம்பந்தி?"

"எனக்கு இன்னா தெரியும், நீங்கதான சொல்லணும்."

"சரி, இப்ப இறுக்குங்க. இன்னும். ரொம்ப இறுக்கினா சக்கரம் கல்லு மாதிரி ஆயிரும். மாப்ள, திருப்பு. அங்க போதும், வுட்டுருங்க."

அந்த இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், அவர் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்தேன். "நெஞ்சுல இன்னா?" என்று கேட்டேன். "ஆசிட்டு, நெஞ்செரிச்சல்தான். மாத்திரை போட்டா சரியாப் பூடும்" என்றார். டாக்டர் அவரைப் படியேறவே கூடாது என்று சொல்லியிருந்தது பின்னால்தான் பிரியா சொல்லித் தெரிந்தது. நெஞ்சுவலியை ஆசிட் என்று என்னிடம் பொய் சொன்னார். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபங்களிலெல்லாம் இதுதான் பெரியது. இதைக் கேட்டுச் சண்டை போட அவர் இல்லை என்பது இன்னொரு கோபம்.

அவர் வீட்டு வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் சொந்தத்தில் ஒரு அம்மா என்னிடம், "நீங்க இன்னா மொறை?" என்று கேட்டாள். சம்பந்தி என்றேன். "பொண்ணுதான் பூட்டாளே. மாப்பிள்ளையும் வேற கட்டிக்கினாரு. அப்புறம் இன்னா சம்பந்தி?" என்றாள். ஏழுமலை யாரையும் கேட்காமல் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தான். சுடுகாடுவரை தோளை மாற்றவில்லை.

அவருடைய ஸ்பேனர் பையைப் பிரியா எடுத்து வைத்திருக்கிறாள். நான் அவர் நினைவுக்கு என்று எந்தப் பொருளும் கேட்டு வாங்கவில்லை. இதை எழுதுகிற இந்த மத்தியானம் ஏழுமலை படகிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, உள்ளே பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். காதோரம் நரைத்திருக்கிறது. என் புருஷனுக்கு நரைக்கிற வயது வாய்க்கவில்லை. கலைச்செல்விக்கும் வாய்க்கவில்லை. கன்னியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என் மகன் தலையில் இருக்கிற அந்த நரைதான்.